வெள்ளைத் துணியில் மஞ்சள்

1

லிட்டில் இந்தியா கடைத்தெரு பினாங்கு மக்கள் எல்லாருக்கும் எப்படிப் பயன்படுகிறது என்று ஒரு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். ‘இன, மத பேதமின்றி இத்தெரு...’ என்று தட்டச்சும் செய்துவிட்டேன். துணிக்கடை ஜெகதீஸ்வரி சொன்னதைக் கேட்ட பிறகு அந்த வாக்கியத்தை முடிக்கக் கை வரவில்லை.

2

காலையில் முதலில் விற்கும் துணிக்கு, வாங்குகிறவர் யாரானாலும், முனையில் மஞ்சள் தொட்டுக் கொடுப்பது அந்தக் கடை வழக்கம். அன்று முதலில் வந்தவள் பாயான் பாருவிலிருந்து வரும் ரொஸ்னா. வருஷா வருஷம் பெருநாள் துணி எடுப்பவள். மஞ்சளைப் பார்த்துச் சிரிப்பவள். இம்முறை வெள்ளைப் பருத்தி கேட்டாள்.

“மெக்காவுக்கா, காக்? உங்க வீட்டுக்காரரும் வர்றாரா?” ஆசையாக, மலாயில் அக்கா என்று அழைத்துக் கேட்டபடியே ஜெகதீஸ்வரி மஞ்சளை வைத்துவிட்டாள்.

ரொஸ்னா காசைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொண்டு போனாள்.

(பாயான் பாருவில் துணியே கிடைக்காதா என்பீர்கள். கிடைக்கும். கல்யாணத் துணியிலிருந்து எல்லாம் இங்கேதான் எடுத்திருந்தாள். இதையும் இங்கேயே எடுக்க வந்தாள்.)

3

ரொஸ்னா கையில் மஞ்சள் வைத்த துணியைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் காசு மாற்றும் கடை அப்துல் அஜீஸ் வந்தார்.

“தெரியாதா ஜெகா? அந்தம்மா புருசன் விடியக்காலைல மவுத்து லா. மத்தியான லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். அதுக்குள்ள மய்யித்துக்குச் சுத்த மஞ்சள் படாத வேற துணி கொண்டு போய்க் குடுத்துரு.”

ஜெகதீஸ்வரி உடனே கத்தரியை எடுத்தாள். புதுத்துணி வெட்டினாள். அந்நேரம் பார்த்து செபராங் ஜெயாவிலிருந்து அமலம்மாள், பேத்தி சர்ச்சில் புதுநன்மை வாங்கும்போது போடும் கவுனுக்கு அதே வெள்ளைத் துணி கேட்டு வந்து நின்றாள்.

“கடைய மூடறேன்க்கா, மன்னிச்சிருங்க” என்று ஜெகதீஸ்வரி...

இல்லை, அது நான் எழுதிப் பார்த்தது. அவள் அளந்து கொடுத்தாள். அடுத்தவர் வந்தார், அவருக்கும் கொடுத்தாள். கூட்டம் ஒரு சாக்குதான். அந்த வீட்டு வாசலில் நிற்கப் பயந்தாள். வெட்டிய துணி மேசையிலேயே கிடந்தது, தொழுகை நேரமும் தாண்டிவிட்டது.

4

முடிவு ஒன்று: மஞ்சள் பட்ட முனையைக் கத்தரித்துவிட்டார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளவாவது அவள் போயிருக்க வேண்டுமே!

முடிவு இரண்டு: பெருநாள் வந்தது. ரொஸ்னாவும் வந்தாள், எதிர்க்கடைக்கு. ஜெகதீஸ்வரி வாசல் வரை வந்து நின்றுவிட்டாள். ஒரே வரியில் ரொஸ்னாவைத் தெரு தாண்ட வைக்க என்னால் முடியும். நான் நகர்த்தினால் அது மன்னிப்பு ஆகாது.

ரொஸ்னா இன்னும் அங்கேதான் துணி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜெகதீஸ்வரியை நீங்களாவது தெருவைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், நகரமாட்டேன் என்கிறாள்.