நடுவில் நின்ற முள்

தங்கையின் காருக்குள் தலையை விட்டதுமே மீட்டர்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். டாஷ்போர்டின் அடியில் எவனோ மென்று ஒட்டிய சூயிங்கம், அதில் சிக்கிய தலைமுடி, என்றோ கொட்டிக் காய்ந்த குளிர்பானத்தின் பிசுக்கு, காலைத் தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்த இரண்டு கரப்பான்பூச்சிகள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தித்திப்பு நாற்றம். இருபது வயசு வண்டி என்றால் இந்த லட்சணத்தில்தான் இருக்கவேண்டும் என்று சட்டமா என்ன?

கார் மீட்டர் பெட்டிகளைக் கழற்றி, முள் உண்மை பேசுகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. பெற்றவர்கள் வைத்த பெயரை ஊர் மறந்து வெகுநாளாகிறது. வாய் கொஞ்சம் அதிகம். அடுத்தவன் முறுக்கிவிட்ட வயரையும் சுற்றிய டேப்பையும் பார்த்தால் அவன் பரம்பரையையே இழுப்பார்.

நாலு மாதத்துக்கு முன் தங்கை இந்தக் காரை வாங்கியது அவருடைய மனைவியின் தம்பியிடம். அவன் பழைய கார் தரகன். வருகிறவர்களிடமெல்லாம் "ராசியான வண்டி" என்றே சொல்லி விற்பதால் அவனுக்கு ராசிக்காரன் என்று பெயர். வாங்குவதற்கு முன்னால் தங்கை அண்ணனை வந்து பார்க்கத்தான் கூப்பிட்டாள். அவருக்குக் கைநிறைய வேலை. நம்ம ஆள்தானே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவளும் அண்ணன் சொல் தட்டாமல் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள்.

அவளுக்குக் கார் ஆடம்பரத்துக்கு இல்லை. புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டும். ஒன்றரை மணி நேரப் பாதை, அதில் பாதி ஏற்றம். நாளைக் காலை மறுபடி முறை வருகிறது. விளக்கைப் போட்டால் பெட்ரோல் முள் விழுந்துவிடுகிறது, சூட்டு முள் துள்ளுகிறது, எதை நம்புவது என்று தெரியவில்லை என்று புலம்பி வண்டியை விட்டுவிட்டு, மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். போகிறபோது இன்னொன்றும் சொன்னாள். ஏற்றத்தில் வண்டி ஒருமாதிரி வாசனை அடிக்குமாம். உடனே சூட்டு முள்ளைப் பார்ப்பாளாம். பகலில் விளக்குப் போடாதபோது அது சமர்த்தாக நடுவில் நிற்குமாம். பயம் போய்விடுமாம்.

விளக்கைப் போட்டதும் எல்லா முள்ளும் சேர்ந்து ஆடினால் பழுது முள்ளில் இல்லை. மீட்டர் பெட்டிக்கு எர்த் சரியில்லை என்று அர்த்தம். இது அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். டார்ச்சை அடித்துத் தேடினார். எர்த் வயர் கிடைத்தது. அதன் திருகுக்கு அடியில் பெயின்ட், பெயின்டுக்கு மேலே துரு, துருவுக்கு மேலே அதே சூயிங்கம். மூக்கைச் சுளித்துக்கொண்டு சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதுத் திருகு போட்டு இறுக்கினார். விளக்கைப் போட்டார். பெட்ரோல் முள் அசையவில்லை. அரை மணி வேலை.

மூடப் போனவர் கண்ணில் சூட்டு முள் பட்டது. அது நடுவில் நின்றது.

எஞ்சின் இரண்டு மணி நேரமாக அணைந்து கிடக்கிறது. தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. முள் அடியில் படுத்திருக்க வேண்டாமா? முன்னால் போய், எஞ்சினின் சூட்டைச் சொல்லும் சென்சாரிலிருந்து வயரைப் பிடுங்கினார். முள் நடுவில். அந்த வயரை எஞ்சின் இரும்பில் தொட்டுப் பார்த்தார். உச்சிக்கு எகிறவேண்டிய முள், நடுவிலேயே சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. எஞ்சின் கொதித்தாலும் வெடித்தாலும் முள் நடுவில் நிற்கும்படி எவனோ உள்ளே ஏற்பாடு செய்திருக்கிறான். ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் பாதிகூட இல்லை. இருந்ததும் தண்ணீர் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் கலந்த பழுப்புக் கூழ், விரலில் வழவழவென்று ஒட்டியது. எஞ்சினுக்குள் எண்ணெயையும் தண்ணீரையும் பிரித்து வைக்கும் தகடு கிழிந்து நாளாகிவிட்டது. அந்தத் தித்திப்பு நாற்றம் இங்கிருந்துதான். இதில்தான் நாலு மாதமாக ஒரு நோயாளியை உட்காரவைத்து ஏற்றத்தில் போய் வந்திருக்கிறாள். தூ என்று தரையில் துப்பினார்.

மீட்டர் பெட்டியைக் கழற்றும்போது வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். இதைச் செய்தவன் சோறுதான் தின்கிறானா, அவனுக்கு அக்கா தங்கை இல்லையா, அவன் கை அழுகிப் போகாதா என்றெல்லாம் கேட்டார். பெட்டியைத் திருப்பினார். சூட்டு முள்ளுக்கு வரும் இணைப்பு வெட்டப்பட்டு, அந்த இடத்தில் முள்ளை எப்போதும் ஒரே அளவில் நிறுத்தும் சின்ன ரெசிஸ்டர் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. நல்ல வேலை. பற்றவைத்த சாலிடர் ஈயம் மொழுமொழுவென்று இருந்தது. அதன்மேல் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு.

அது நகப்பூச்சு. தான் செய்த வேலை திரும்பி வந்தால் அடையாளம் தெரியட்டும் என்று, மனைவியின் நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்பது அவர் பழக்கம். உலகத்தில் வேறு எந்த மடையனும் அப்படிச் செய்வதில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்பியவன் கதிதான். இவ்வளவு நேரம் துப்பியதெல்லாம் அவர் மார்பிலேயே விழுந்திருந்தது.

ஞாபகம் வந்தது. ஆறு மாதம் இருக்கும். ராசிக்காரன் ஒரு பையில் மீட்டர் பெட்டியை மட்டும் கொண்டுவந்து, சூட்டு முள் நடுவில் நிற்கிற மாதிரி பண்ணிக்கொடுங்கள் என்றான். எந்த வண்டி என்று இவர் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே இல்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது. பெட்டிதானே வருகிறது, வண்டியா வருகிறது என்று இருபது வருஷமாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். இப்படி எத்தனை பெட்டிகள் போயிருக்கும்? எண்ணப் பார்த்தார், முடியவில்லை. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

போன் போட்டதும் ராசிக்காரன் சென்ட் மணக்க வந்து நின்றான். பல்குச்சியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளியபடி பெட்டியைப் பார்த்தான். வெட்கம் என்பது மருந்துக்குக்கூட இல்லை.

"இந்தப் பெட்டி என் தங்கச்சி வண்டியில இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"வித்ததே நான்தானே அத்தான். அக்கா வீட்டு உறவுன்னு பார்த்தா யாவாரம் நடக்குமா?"

"அந்த மனுசன் உள்ள உட்கார்ந்து போறாருடா."

"நாலு மாசம் போயிட்டுத்தானே வந்தாங்க? அதை அப்படியே மூடிடுங்க. நான் வேற ஆளு பார்த்து இந்த வண்டியைத் தள்ளி விட்டுடறேன். எடுத்தீங்கன்னா யாரு வச்சதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

கேள்வி நியாயமானது. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. மூடிவிட்டால் வண்டி இன்னொருத்தியின் வீட்டுக்குப் போகும், தங்கைக்கு எதுவும் தெரியாது, அண்ணன் அண்ணனாகவே இருப்பார். இந்த யோசனை தன் மண்டைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். வெளியே போ என்று அவனைப் பார்த்துச் சொன்னார். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

தங்கை மாத்திரைப் பையோடு திரும்பியபோது ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, பழைய இணைப்பைச் சேர்த்து, பெட்டியை மாட்டியிருந்தார். அவளை ஓட்டுகிற சீட்டில் உட்காரவைத்து எஞ்சினைப் போடச் சொன்னார். சூட்டு முள் அடியில் கிடந்தது, எந்த முள்ளும் ஆடவில்லை. அவள் சிரித்தாள், சரியாயிடுச்சா என்றாள். அவர் சூட்டு முள்ளைக் காட்டினார். அது எழுந்தது. நடுவுக்கு வந்தது. நிற்கவில்லை. சிவப்புக் கோட்டைத் தொட்டபோது முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. அவள் பதறி எஞ்சினை அணைத்தாள்.

"இது எப்பவுமே இப்படித்தான் கொதிச்சிருக்கு. முள்ளு பொய் சொல்லியிருக்கு. சொல்ல வச்சது நான். யாரு வண்டின்னு கேக்காம செஞ்சு குடுத்தேன்."

அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடைய வண்டியாகவாவது இருந்திருந்தால் பரவாயில்லையா என்று மெதுவாகக் கேட்டாள். அவசரமாகத் சட்டைப் பையிலிருந்து தன் கார் சாவியை எடுத்து நீட்டினார். எஞ்சினை அவர் செலவில் பிரித்துக் கட்டுவதாகவும், அதுவரை நாளையிலிருந்து தன் காரிலேயே மாப்பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்றும் சொன்னார்.

சாவியை அவள் தொடவில்லை. இறங்கினாள், சீட்டிலிருந்த மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டாள்.

"உன் வண்டில முள்ளு காட்டுறது நெசம்னு நான் எப்படிண்ணே நம்புறது?"

கேட்டுவிட்டு, நாளைக்கு வாடகை வண்டி சொல்வதற்காகப் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள்.