கடையில் வாங்கியது

மாட்டுக்கொட்டகையிலிருந்து மிளகாய்த்தூள் கருகும் நெடி கொல்லைக் கதவைத் தாண்டி வந்தபோது மஞ்சுளா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. போனால் என்ன கண்ணில் படும் என்பது அவளுக்குத் தெரியும். தலையில் ஆபரேஷன் டாக்டர் போடுகிற மாதிரி ஒரு நீலத் தொப்பி, கையில் உறை, எதிரே வாணலி. வாணலிக்குள் சர்க்கரைப் பாகில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப் போன மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பயிறும் முந்திரியும். அதை வெறித்தபடி அவள் புருஷன் ராஜ்மோகன்.

"இன்னா மஞ்சுளா, வூட்ல இன்னாவோ வாசன வருது?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டுக்காரி சின்னப்பிள்ளை கேட்டாள்.

"வாசனையா அது? நாத்தம்னு சொல்லு. எங்க வூட்டு தொர இப்ப இனிப்பு காரம் போட்டு கொட்ட வறுக்குறாரு. தீவாளிக்கு எல்லாரும் டப்பா டப்பாவா வாங்கி சொந்தக்காரங்களுக்குக் குடுப்பாங்களாம்."

சின்னப்பிள்ளை சிரித்தாள். சிரிக்கட்டும் என்றுதான் மஞ்சுளா சொன்னாள். அவனைப் பார்த்து யாராவது சிரிக்கிற இடத்தில் முதலில் சிரித்துவிடுவது அவள் வழக்கம். பிறகு அந்தச் சிரிப்பு அவள்மேல் படாது.

அவன் ஆரம்பித்த தொழில்களில் முதலாவது ஈமு. அவர்கள் ஊரான குருவிநத்தத்தில் யாரும் அதுவரை பார்த்திராத அந்தப் பறவைகள் ஒருநாள் வேலியைத் தாண்டிக் கரும்புக்குள் ஓட, பின்னாலேயே ராஜ்மோகன் ஓட, அவன் பின்னால் ஊரே ஓடியது. அப்புறம் காளான். இருட்டுக் கொட்டகையில் வரிசையாகத் தொங்கவிட்ட பைகளில் காளானைத் தவிர மற்றதெல்லாம் முளைத்தது. அப்புறம் வண்ணமீன். ஒவ்வொரு தடவையும் மஞ்சுளா என்ன சொன்னாளோ அதுதான் நடந்தது. நான் அப்பவே சொன்னேன் என்று அவள் வாயைத் திறந்து சொல்வதைக்கூட விட்டுவிட்டாள். சோற்றுத் தட்டை அவன்முன் வைக்கிற சத்தத்திலேயே அது கேட்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். அந்தக் குனிந்த தலையின் சுழியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும். ஒரு தடவையாவது தட்டைத் தூக்கி எறிகிற ஆம்பளையாக இருந்தால் மதித்திருக்கலாம் என்று நினைப்பாள்.

இந்தத் தடவையும் எல்லாம் முறைப்படியே நடந்தது. ஒரு நாள் சர்க்கரை மணல் மணலாக உதிர்ந்தது. இன்னொரு நாள் பளபளவென்று வந்தது மறுநாளே நமுத்துப்போய்ப் பிசுபிசுத்தது. காரத்தை முன்னால் போட்டால் கருகியது, பின்னால் போட்டால் ஒட்டவில்லை. அவன் அலுக்காமல் மறுபடி அடுப்பை மூட்டினான். அந்த அலுக்காமையைத்தான் மஞ்சுளாவால் சகிக்க முடியவில்லை. மானம் உள்ளவனுக்கு அலுத்துப்போகும் இல்லையா?

ஒரு மத்தியானம் அவன் உரம் வாங்கப் போயிருந்தபோது கொட்டகைக்குள் போனாள். அவன் வறுத்து டப்பாவில் வைத்திருந்ததை மாட்டுக்குக் கொட்டிவிட்டு டப்பாவை அரிசிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் போனாள். மூடியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டாள். மேலே இருந்த சர்க்கரை மெல்லிசாக நொறுங்கியது. அது கரையும்போதே உப்பு தெரிந்தது. இதென்ன என்று நினைப்பதற்குள் காரம் மெதுவாகத் தொண்டைக்கு இறங்கியது. பொரித்த கறிவேப்பிலை எங்கிருந்தோ மணத்தது. குற்றம் கண்டுபிடிப்பதற்காக இன்னொன்று போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு பிடி. நின்றபடியே தின்றுகொண்டிருந்தாள்.

மூடியை இறுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தபோது வீட்டில் எதுவோ களவு போய்விட்ட மாதிரி இருந்தது.

"டப்பாவுல இருந்தத பாத்தியா?" என்று சாயங்காலம் கேட்டான்.

"எத? எனக்கு வேற வேல இல்லியா?"

அவன் தலையாட்டினான்.

மஞ்சுளாவின் அண்ணன் அரங்கநாதனுக்குப் பாகூரில் நெல், கரும்பு, மாடிவீடு எல்லாம் இருந்தது. அவர் மகள் சரண்யாவின் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும்போது ராஜ்மோகன் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பெரிய தகர டப்பாவை வைத்திருந்தான். உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன்.

"இத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நம்ம கொழந்த விசேஷம்..."

அண்ணன் வீட்டில் இறங்கியதும் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்தாள். கூடத்தில் அரங்கநாதன், "இன்னா மாப்ள, இப்ப இன்னா பிசினஸ்? ஈமு இன்னும் கரும்புலதான் இருக்குதா?" என்று கேட்டார். கூடம் சிரித்தது. மஞ்சுளா எல்லாருக்கும் முன்னால் சிரித்தாள். ராஜ்மோகனும் சிரித்துவிட்டு, யாரும் சொல்லாமலே நாற்காலிகளைப் பிரித்துப் போட ஆரம்பித்தான்.

வில்லியனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். சொல்லிவைத்த இனிப்பு வந்துசேரவில்லை. தட்டில் வைக்க எதுவும் இல்லாமல் பதறிய அண்ணி உஷாராணி பின்கட்டில் டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அது வாணாம் அண்ணி."

"ஏன், கெட்டா போச்சு?" என்றபடி அண்ணி பொட்டலங்களைத் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்ததிலிருந்து எதையும் மெச்சாத மனுஷி. காற்று வரவில்லை என்றாள், காப்பியில் சிக்கரி என்றாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்து இரண்டு முந்திரியை வாயில் போட்டவள் பேச்சை நிறுத்தினாள். பொட்டலத்தைக் காலி செய்தாள். பிறகு அடுத்ததைப் பிரித்தாள்.

"இது யாரு செஞ்சது?"

உஷாராணி மஞ்சுளாவைக் கைகாட்டினாள். "இவங்க கொண்டாந்தது."

கூடத்து வாசலில் இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில்களோடு ராஜ்மோகன் நின்றிருந்தான். முதுகு நிமிர்ந்திருந்தது. அவன் முகம் இப்படி மலரும் என்பதே மஞ்சுளாவுக்கு அதுவரை தெரியாது. அண்ணன் கிண்டல் செய்வார், மாட்டுக்கொட்டகையில் செய்தது என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்றெல்லாம் பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்போது அவளுக்கு இருந்த காரணம் அந்த முகம் ஒன்றுதான். அதைப் பொறுக்க முடியவில்லை.

"கடையில வாங்குனதுங்க. கடலூர்ல."

"எந்தக் கடைங்க?" மாப்பிள்ளையின் அம்மா வாசல் பக்கம் திரும்பி அவனைக் கேட்டாள்.

ராஜ்மோகன் பாட்டில்களைக் கீழே வைத்தான்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சின்ன கடைங்க. போர்டுகூட கெடையாது." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டான். "நல்ல மனுஷன்."

திரும்பும்போது ஏரிக்கரை முழுக்க அவன் சண்டையை ஆரம்பிப்பான் என்று காத்திருந்தாள். சொல்வதற்கு அவளிடம் எல்லாம் தயாராக இருந்தது. கடைசியில் அவளே கேட்டாள்.

"ஏன் அப்டி சொன்னேன்னு கேக்க மாட்டீங்களா?"

"ரோடு மோசமா இருக்கு. நல்லா புடிச்சிக்கோ."

தூ, என்று மனதுக்குள் துப்பினாள். அவனைப் பார்த்துத்தான் துப்பினாள்.

அதற்குப் பிறகு கொட்டகையில் அடுப்பு எரியவில்லை. வாணலியைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டான். காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், மறுபடி பேப்பர். இப்படி ஒரு ஓய்ந்த புருஷனைத்தான் அவள் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவன் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. "கொஞ்சம் மெதுவா பெரட்டுறது" என்று சொல்லிப் பார்த்தாள். மெதுவாகப் புரட்டினான்.

ஒரு காலையில் மாப்பிள்ளையின் அம்மா அவளுக்கு ஃபோன் செய்தாள். கல்யாணத் தாம்பூலப் பையில் அந்தப் பொட்டலத்தைத்தான் போடுவது என்று முடிவாகிவிட்டதாம்.

"ஆள அனுப்பி பஸ் ஸ்டாண்டு பூரா தேடியாச்சுங்க. கெடைக்கல. கடைக்காரர் நம்பர் இருந்தா குடுங்களேன்."

கடையை மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஜன்னலுக்கு வெளியே ராஜ்மோகன் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் பனியனோடு உட்கார்ந்து, எங்கேயோ பார்த்தபடி காலைச் சொறிந்துகொண்டிருந்தான். இவனைப் போய், என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே அவன் நம்பரைச் சொன்னாள்.

கொல்லையில் ஃபோன் அடித்தது. புது நம்பரைக் கண்டு தயங்கி எடுத்தான். கேட்டுக்கொண்டிருந்தவன் மெல்லத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தான். நகர்ந்துவிட நினைத்தாள், நகரவில்லை. அவன் எழுந்து போய்க் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்துக்கொண்டான். ஃபோனில் பேச எந்தக் கிறுக்கனாவது சட்டை போடுவானா?

"ஆமாங்க. கடைதான் பேசுறேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவன் ஃபோனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான்.

"மஞ்சுளா, கடைக்கு இன்னா பேருன்னு கேக்குறாங்க."

கொடியில் ஈரத்துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. அவன் நடுவில் நின்றான். மாட்டாத சட்டைக்கை அவன் பக்கத்தில் தொங்கி, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.