கம்பிக்கு வெளியே பூட்டு

யார் யார் இருந்தோம் என்றால், ஒன்பது வயது திரிஷா, அவள் தங்கை பெனிட்டா, அம்மா ஜெயப்ரியா, கூரத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கிய பெரியப்பா ஜெபகுமார், உள்ளறையில் நைட் ஷிப்ட் முடித்து வந்து குறட்டை விடும் அப்பா அருள், அவரை இருந்தவர் கணக்கில் சேர்க்கலாமா தெரியவில்லை, அப்புறம் நான், இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுக்க வருகிறவன்... அந்தக் குறட்டையைக் கேட்டால் எனக்கும் கண் சொருகுகிறது, நைட் ஷிப்டை விட்டுத் தொலைத்தும் இந்த உடம்புக்குக் காலை வெயில் என்றால் இன்னும் படுக்கிற நேரம்தான். செவிலிமேட்டில் இந்தத் தெரு முழுக்கப் புது வீடு, எல்லோரும் பஸ் பிடித்து வேலைக்குப் போய்விடுகிறார்கள், மிஞ்சுவது எதிர்வீட்டு மங்கையர்க்கரசி ஒருத்தி, அவளுக்குப் பயந்துதான் அந்தப் பூட்டு. அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்து நான் உள்ளே வரவேண்டும், வந்ததும் ஜெயப்ரியா அக்கா இரும்புக் கேட்டைச் சாத்தி, கம்பிக்கு நடுவே கையை விட்டு, வெளிப்பக்கம் பூட்டைப் போடுவார். தெருவிலிருந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. ஸ்கூல் நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் என்ன செய்கின்றன என்று யாரும் கேட்க முடியாது. சாயங்காலம் வரைக்கும் டிவி இல்லை, ஜன்னல் இல்லை, சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், பெனிட்டாவுக்கு அது ஒரு விளையாட்டு, திரிஷாவுக்கு...? நான் கேட்டதில்லை. ஸ்கூலில் அவள் தப்பாக எழுதினாள் என்று பெஞ்சு மேல் நிற்க வைத்தார்களாம், அதிலிருந்து காலையில் வேன் ஹார்ன் கேட்டாலே வாந்தி, ஒரு நாள் ஜெயப்ரியா அக்கா யூனிபார்மைச் சுருட்டிப் பரணில் எறிந்துவிட்டார், திரிஷாவைப் பார்த்துத் தங்கையும் போகமாட்டேன் என்றாள், இரண்டு பேரும் நின்றாயிற்று. இப்போது வாந்தி இல்லை. பக்கத்துத் தெருப் பள்ளியில் இன்டர்வெல் மணி அடித்து அந்தக் கூச்சல் கிளம்பும்போது திரிஷா தலையைத் திருப்புவாள், அவ்வளவுதான், நான் போர்டைத் தட்டுவேன், அவள் திரும்பிக்கொள்வாள்.

ஜெபகுமார் தரையில் விரித்திருந்ததைக் காலால் சுட்டிக்காட்டி, "இன்னாபா இது, கேரம் போர்டா?" என்றார். எழுத்துப் பெட்டி சார் என்றேன். நெட்டில் பார்த்து அக்கா வரவழைத்தது, காந்தப் பலகை, அதில் ஒட்டும் எழுத்து வில்லைகள், விரலால் எழுதிப் பழக ஒரு தட்டில் ரவை, ரவைக்கு எறும்பு வரும், எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போடுவோம். ஒரு சொல்லைச் சொன்னால் முதலில் எழுத்து இல்லை, ஒலி, ஒவ்வொரு ஒலிக்கும் கட்டைவிரலை ஒரு விரலில் தட்ட வேண்டும், தட்டி முடித்த பிறகு வில்லை. "இன்னா படிச்சிருக்க நீ?" "காலேஜ் பாதியில நின்னுட்டேன் சார்." "அப்பறம்?" "கால் சென்டர்." "அதுவும் பாதியா?" அக்கா குறுக்கே வந்து, "மாமா, நல்லாதான் சொல்லித்தருது தம்பி" என்றார், ஜெபகுமார் சிரித்தார், "நல்லாத்தான் இருக்குதும்மா, வாத்தியாரும் ஸ்கூல வுட்டு வந்தவரு, புள்ளயும் ஸ்கூல வுட்டு வந்தது." கோபம் வரவில்லை, கோபத்துக்கும் தூங்கியிருக்க வேண்டும். கால் சென்டரில் ராத்திரி முழுக்க போனில் முகம் தெரியாதவர்களின் பெயரை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னேன், பி ஃபார் பிராவோ, டி ஃபார் டெல்டா, கனவிலும் அதே, ஒரு ராத்திரி எவனோ தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு லிஃப்டில் இறங்கினேன், டீக்கடையில் நின்றபோதுதான் வேலையை விட்டுவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. என்னைப் பொறுத்தவரை மனிதன் எங்கிருந்தாலும் வெளியே போகத்தான் பார்க்கிறான், ஸ்கூலிலிருந்து வெளியே வந்த பிள்ளை தப்பித்த பிள்ளை, அப்படித்தான் நினைத்திருந்தேன். பேச்சு இதுதான், இன்றைக்குப் பெரியப்பா கேட்கிற சொற்களில் பாதிக்கு மேல் சரியாக வைத்தால் வீட்டிலேயே படிக்கலாம், இல்லையென்றால் ஜூனில் ஸ்கூல். அருள் எதற்கும் தன் அண்ணன் சொன்னால் சரி என்பவர், சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அக்கா புடவை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

முதல் சொல் ஷிப், வைத்துவிட்டாள், ஜெபகுமார் தலையாட்டினார். அடுத்தது லைட். மூன்று ஒலி, கட்டைவிரல் மூன்று முறை சரியாகப் போயிற்று, கை மடியில் இருந்தது, நான் உட்கார்ந்த இடத்துக்கு மட்டும் தெரிந்தது. நடு ஒலிக்கு ஐ, ஜி, ஹெச் என்று மூன்று எழுத்தும் சேர்த்து அச்சடித்த வில்லை ஒன்று உண்டு, அவளுக்குப் பிடித்த வில்லை, ஓரம் தேய்ந்திருக்கும், அதைத்தான் எடுத்தாள், எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு... பெட்டியில் திரும்பப் போட்டாள். வெறும் ஐ வில்லையை எடுத்து வைத்தாள். தப்பு. பயமா? பயந்தால் அவள் கை நடுங்கும், தட்டுவதே மறந்துபோகும், எனக்குத் தெரியாதா. அடுத்த சொல் டிரெயின், விரல் சரி, வில்லை தப்பு. கேட்ச், விரல் சரி, வில்லை தப்பு. பெனிட்டா பொறுக்காமல், "அக்கா, நேத்து கரெக்டா வெச்சியே!" என்று கத்தினாள், அக்காக்காரி பலகையைப் பார்த்தபடியே அவள் தொடையைக் கிள்ளினாள், "பெரிப்பா, கிள்றா பாரு!" "இன்னாத்துக்குக் கிள்ற?" "எறும்பு, பெரிப்பா." முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து இன்டர்வெல் மணி, அந்தக் கூச்சல், நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாயைப் பொத்தாமல் கத்துகிற சத்தம், அவள் திரும்பவில்லை, இன்றைக்குத்தான் திரும்பவில்லை, சிரிப்பை விழுங்கியதுபோல் கன்னம் மட்டும் லேசாக உப்பி அடங்கியது. நான் ஹெட்செட்டைக் கழற்றியது ஒரு நிமிஷக் கிறுக்கு, இவள் எத்தனை நாளாக யோசித்தாளோ. பெஞ்சு மேல் நிற்க வைத்தாலும் பரவாயில்லை என்றா? அங்கே கீழே நின்று பார்க்கவாவது நாலு பேர் இருக்கிறார்கள் என்றா?

"போதும்மா, போதும்" என்று ஜெபகுமார் எழுந்தார், குரலில் கிண்டல் இல்லை, பிள்ளையின் தலையைத் தொட்டார், "ஜூன்ல சேத்துடலாம், நானே வந்து பேசறேன், யாரு நிக்கவெக்கிறான்னு பாத்துக்கறேன்." பைக் போன பிறகு ஜெயப்ரியா அக்கா என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார், மூக்கு சிவந்திருந்தது, "தம்பி, மறைக்காம சொல்லு, நெஜமாவே தெரியலியா அவளுக்கு? எங்கிட்ட எல்லாம் சரியாதானே வெச்சிக்கினு இருந்தா? நீ மாமாகிட்ட பேசினா இன்னொரு வாட்டி கேப்பாரு." ஒரு வார்த்தை போதும். கை மடியில் தட்டியதைச் சொன்னால் போதும், எனக்கும் வேலை நிலைக்கும், கேட்டிலும் பூட்டு நிலைக்கும். "தெரியலக்கா" என்றேன். "எங்கிட்டயும் அப்பப்ப தடுமாறுவா." அக்கா தலையைக் குனிந்துகொண்டார், தன் ஒரு வருஷமும் வீண் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும் என்று விட்டேன். அந்தப் பிள்ளைக்காகத்தான் சொன்னேனா? இல்லை நாளையிலிருந்து காலையில் படுத்துத் தூங்கலாம் என்று ஏதோ ஒன்று உள்ளே சொல்லியதா? இரண்டும் ஒரே வார்த்தையில் அடங்கிவிட்டது, பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். திரிஷா வில்லைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள், பார்க்காமலே, அந்தந்தக் குழியில் அந்தந்த எழுத்து, ஒன்றுகூட மாறவில்லை, தேய்ந்துபோன வில்லையைக் கடைசியில் வைத்து மூடினாள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் படியிறங்கினேன். கேட் சாத்தியது, ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, கம்பிக்கு நடுவிலிருந்து அக்காவின் கை வெளியே வந்து, தடவித் தடவிக் கொக்கியைத் தேடி, பூட்டை மாட்டி அழுத்திவிட்டு உள்ளே போயிற்று.