ஒரு லிட்டர்

பாஞ்சாலி மகனைத் தோளில் போட்டுக்கொண்டு புதூர்நாடு துணை சுகாதார நிலையத்துக்குள் நுழைந்ததுமே நர்ஸ் வெண்ணிலாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வயிற்றுப்போக்கோடு முந்தின நாள் வந்தபோது சின்னராஜ் சிணுங்கிக்கொண்டாவது இருந்தான். இப்போது விழித்தபடியே கிடந்தான். தொட்டால் மட்டும் உடம்பை முறுக்கிக் கத்தினான். நாக்கு காய்ந்து ஒட்டியிருந்தது.

“உப்பு சர்க்கரைப் பவுடர் கரைச்சுக் குடுத்தியா?”

“ரெண்டு பாக்கெட்டும் குடுத்துட்டேங்க. துப்பித் துப்பி விட்டான். மூக்கப் புடிச்சித்தான் ஊத்துனேன்.”

“எதுல கரைச்ச?”

“நீங்க சொன்ன லிட்டர் பாட்டில்லதாங்க. ஒரு பாட்டிலுக்கு ஒரு பாக்கெட்டு.”

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். சின்ன குளிர்பான பாட்டில். அவர்கள் வீட்டில் எந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் ‘லிட்டர் பாட்டில்’ என்றுதான் பெயர்.

வெண்ணிலா அதைத் திருப்பிப் பார்த்தாள். இருநூறு மில்லி. ஒரு லிட்டருக்கு இருபது கிராம் பொடி. அதே இருபது கிராம் இருநூறு மில்லியில் என்றால் ஐந்து மடங்கு. எங்கோ தப்பாக வகுத்துவிட்டோம் என்று மறுபடி போட்டாள். ஐந்துதான் வந்தது. கிட்டத்தட்ட கடல் தண்ணீர். நேற்று தடுப்பூசிக் கூட்டத்தில், முகத்தைக்கூடப் பார்க்காமல் “ஒரு லிட்டர்” என்று சொல்லிப் பொட்டலங்களை நீட்டிய தன் கை நினைவுக்கு வந்தது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கூப்பிட்டாள்.

போனில் டாக்டர் சொன்னார்: “ரத்தத்துல உப்பு ஏறியிருக்கும். உடனே திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வெறும் தண்ணிய மடமடன்னு குடுத்துடாதீங்க, மூளை வீங்கிடும். வழியில ஒவ்வொரு ஸ்பூனா, விட்டு விட்டு.”

ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை காத்திருக்க முடியாது. ஊரில் வாடகைக்கு ஓட்டும் ராஜாக்கண்ணுவின் ஜீப்பில் ஏறினார்கள்.

“தண்ணி,” என்றான் பையன். வெண்ணிலா ஒரு ஸ்பூன் கொடுத்தாள். ஸ்பூனை விடாமல் கடித்துக்கொண்டான்.

“இன்னும் கொஞ்சம் குடுங்க நர்சம்மா. தண்ணிதானே கேக்கறான்.”

“குடுக்கக் கூடாது பாஞ்சாலி.”

“நான் இன்னாங்க தப்பு பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. எவ்ளோ தண்ணின்னு நான்தான் காட்டல.”

பாஞ்சாலி அவளையே பார்த்தாள். பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். ஜீப் வளைவில் சாய்ந்தது. சின்னராஜ் தாயின் கழுத்தில் வழிந்த வியர்வையை நக்கத் தொடங்கினான். அதுவும் உப்புதான். வெண்ணிலா தன் முந்தானையால் அந்தக் கழுத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வியர்த்துக்கொண்டே இருந்தது.