மாதா போகவேண்டிய வீடு

செபஸ்தியார் தெருவில் அக்டோபர் பிறந்துவிட்டால் மாதாவுக்கு ஓய்வே கிடையாது. செபமாலை மாதம். முழங்கை உயர மாதா சுரூபம் ஒன்று வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் சாயங்காலச் செபம் முடிந்ததும், அடுத்த வீட்டுக்காரர்கள் மெழுகுவத்தியோடு வந்து மாதாவைக் கூட்டிப்போவார்கள். கூப்பிட ஆள் வந்தால்தான் மாதா வாசல் தாண்டுவாள். இந்த வருஷம் சகாயசெல்வி வீட்டுக்கு வந்த மாதா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட யாரும் வரவில்லை.

எப்படி வருவார்கள்? அடுத்தது பிரிஸ்கில்லா வாடகைக்கு இருந்த லைன் வீடு. அந்த இடத்தில் இப்போது லாட்ஜ் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கப்பால் வரிசையில் மற்ற லைன் வீடுகள் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எல்லாம் புது பஸ் ஸ்டாண்டு செய்த வேலை.

அந்த பஸ் ஸ்டாண்டு வரவேண்டும் என்று விடாமல் கேட்டவளே சகாயசெல்விதான். தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியத்துக்கு அவள்தான் பொறுப்பாளி. மன்றாட்டுச் சொல்ல அவளை விட்டால் ஆள் கிடையாது. கேட்கிற மாதாவே எழுந்து வந்துவிடுவாள் போலிருக்கும். "ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் ஊர்க்கோடியில் கிடக்கிறோம் தாயே, பஸ் ஸ்டாண்டு எங்கள் பக்கம் வரவேண்டும்" என்று வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு முழந்தாளில் நின்று கேட்டாள். தெருவே ஒரே குரலில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. பிரிஸ்கில்லா ஒருத்திதான் எழுந்திருக்கும்போது முணுமுணுத்தாள்.

"பஸ் வந்தா வாடகையும் கூடவே வரும்க்கா. வீட்டுக்காரரு சும்மா இருப்பாராக்கும்?"

"அடி போடி, மாதாகிட்டக் கேக்கையில போயி இழுத்துக்கிட்டு. கால் வலிக்குதுன்னு தெனம் அழுகுறவ நீ. மொதல்ல ஏறி உக்காரப்போறதும் நீதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரிஸ்கில்லாவும் சிரித்தாள்.

பஸ் ஸ்டாண்டு வந்தது. தெருவில் வெடி போட்டார்கள், சகாயசெல்வி நன்றிப் பூசைக்குப் பணம் கொடுத்தாள். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், லைன் வீடுகளின் சொந்தக்காரர் வேலுசாமி வாசல் வாசலாக வந்தார். வாய் நிறைய மரியாதை. "எம்புள்ளைக மாதிரி இருந்தீக. வேற எடம் பாத்துக்கிடுங்கப்பா." பிள்ளைகள் மாதிரி இருந்தவர்கள் மூலைக்கொருவராகச் சிதறினார்கள்.

சகாயசெல்விக்குச் சொந்த வீடு; அவளை யாரும் கிளப்ப முடியாது. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவள் கணவன் பாஸ்கல் முன் அறையைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டான். பிரிஸ்கில்லா வண்டியில் சாமான் ஏற்றிய அதே காலையில்தான் கடைக்குப் பலகை மாட்டினார்கள். பிரிஸ்கில்லா அதை ஏறிட்டுப் பார்த்தாள். "நல்லா இருங்கக்கா" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்குப் பிறகு அவளுக்கு போன் போட சகாயசெல்விக்குத் துணிச்சல் வரவில்லை.

"கோயில்ல கொண்டுபோயி வச்சிருவமா?" என்றான் பாஸ்கல். "எம்புட்டு நாளைக்கு மாதாவ இங்கனயே வச்சிருக்கது?"

"அடுத்தது பிரிஸ்கில்லா வீடு. அங்கதான் போகணும்."

"அவ வடமதுரைப் பக்கம்ல போயிட்டா!"

"இம்புட்டு வருசம் மாதா நடந்து போனாங்க. இனிமே பஸ்ல போகட்டும்."

சுரூபத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையிலேயே பஸ், உட்கார ஜன்னலோர இடம். கண்டக்டர் மடியை எட்டிப்பார்த்தார். "யாருக்கா அது?"

"மாதா."

"அப்ப ரெண்டு பேருமே பொம்பளையாளுக. டிக்கெட் கெடையாது" என்றார். பஸ்ஸே சிரித்தது. சகாயசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டதையெல்லாம் மாதா குறைவில்லாமல் கொடுத்திருந்தாள்.

ரோட்டில் இறங்கி, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே சேற்றில் வெகுதூரம் நடக்கவேண்டியிருந்தது. அந்த வலிக்கிற காலோடு பிரிஸ்கில்லா தினமும் இதில்தானே போய்வருவாள் என்று நினைத்ததும் பாதை இன்னும் நீண்டது.

தகரக் கூரை போட்ட வாடகை வீடுகள் வரிசையாக நின்றன. பிரிஸ்கில்லா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது கால் வீங்கியிருந்தது.

"நீ கூப்பிட வரல. அதான் நானே கூட்டியாந்துட்டேன்" என்றாள் சகாயசெல்வி.

பிரிஸ்கில்லா கையைச் சேலையில் துடைத்துவிட்டுச் சுரூபத்தை வாங்கிக்கொண்டாள். "வாங்க தாயே" என்றாள். மாதாவை வரவேற்றாள். அக்காவை வா என்று சொல்லவில்லை.

சாயங்காலச் செபத்துக்கு அந்த வரிசைப் பெண்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி மாதாவுக்குச் சம்பங்கி மாலையே கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சகாயசெல்வியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"மன்றாட்டுச் சொல்ற அக்கா நீங்கதானா? நீங்க கேட்டா கெடைக்காம போகாதுன்னு பிரிஸ்கில்லா வாய் ஓயாம சொல்லும். எங்களுக்கும் ஒரு பஸ் கேளுங்கக்கா. பிரசவ வலி வந்தாக்கூட ரோடு வரைக்கும் நடக்க வேண்டியிருக்கு."

சகாயசெல்வி திரும்பி பிரிஸ்கில்லாவைப் பார்த்தாள். அவள் குனிந்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் முழந்தாளிட்டார்கள். "தாயே" என்று ஆரம்பித்த சகாயசெல்விக்கு மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. மணிக்கணக்கில் மன்றாடுகிற வாய் அது. பெண்கள் காத்திருந்தார்கள்.

"தாயே, இவங்களுக்கு பஸ் வரணும்." மாதாவை நிமிர்ந்து பார்த்தாள். "பஸ் வந்த பெறகும் இவங்க இங்கனயே இருக்கணும். யாரும் இவங்களக் கெளப்பக்கூடாது தாயே."

இது என்ன மன்றாட்டு என்று புரியாமல் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முதலில் சொன்னது பிரிஸ்கில்லாதான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

இருட்டுமுன் ரோட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சகாயசெல்வி கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், பிரிஸ்கில்லா நொண்டிக்கொண்டே பாதை முனைவரை கூட வந்தாள். சேற்றில் வழுக்காமலிருக்க அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா."

"என்னடி?"

"அன்னைக்கே இதையும் சேத்துக் கேட்டிருக்கலாம்ல?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. சகாயசெல்வி அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.