பாய்க்கு அடியில் இருந்தவர்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. பதினேழாம் கேள்விக்குக் கீழே பதில் எழுத ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. மிச்சத்தை உங்களுக்கு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் படிவத்தைத் தலைநகர் அப்பியாவில் வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும். இன்று புதன்.

முதல் தொடக்கம்: லூபே அன்று காலை கடற்கரைச் சாலையில்

(இல்லை. இது நான்காவது முறை. அவள் நடக்கத் தொடங்கியதும் என்னால் எழுத முடிவதில்லை. லூபே என் மனைவி. இருபத்தாறு வயது. இப்போதைக்கு இவ்வளவுதான்.)

2

இரண்டாவது தொடக்கம், சட்டத்திலிருந்து. ஒரு நாட்டில் குற்றம் செய்தவன் [செய்தவன் அல்ல, செய்ததாகச் சொல்லப்படுபவன், வழக்கறிஞர் திருத்தினார்] வேறு நாட்டுக்குப் போய்விட்டால் அவனை ஒப்படைக்கும்படி கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். லாரி ஓட்டிய மலாக்கியைக் கேட்டு, அவன் தப்பிப் போன ஆக்லாந்துக்கு நாங்கள் அனுப்பிய காகிதக்கட்டு முதல் முறை திரும்பி வந்தது. அவனுடைய புகைப்படம் இல்லையாம். இரண்டாம் முறையும் வந்தது. முத்திரை வைத்துக் கட்டியிருந்த நாடாவை, நகலெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று இங்கேயே யாரோ ஒரு நல்ல மனிதர் அவிழ்த்து, மறுபடி அழகாக முடிச்சும் போட்டிருந்தார். அவிழ்த்த நாடா செல்லாது. பதினான்கு மாதம் இப்படிப் போனது.

மூன்றாம் முறை கட்டு திரும்பி வரவில்லை. கேள்விகளோடு இந்தப் படிவம் வந்தது.

"அவனோட வக்கீல் கெட்டிக்காரரு," என்றார் எங்கள் தரப்பு வழக்கறிஞர் தலோசாங்கா. "செத்தவங்க வீட்டுல பாயைத் தூக்கிட்டாங்க, மன்னிச்சாச்சு, மன்னிச்ச ஆளை எதுக்குத் திருப்பி அனுப்பணும்னு கேக்குறாரு. தூக்குனது நீங்கதானே, ஃபிலிபோ?"

"மழை பெஞ்சுது மேடம்."

"நான் அதக் கேக்கல."

"வேற காரணமே இல்லையே."

"தயவுசெஞ்சு மழைன்னு எழுதிடாதீங்க. நீதிபதி சிரிப்பாரு."

3

பாய் விஷயம். எங்கள் தீவில் ஒரு வீட்டு ஆளால் இன்னொரு வீட்டு உயிர் போய்விட்டால், குற்றம் செய்தவன் வீட்டார் விடியும்போது வந்து இழந்தவர்கள் வாசலில் மண்டியிட்டு, தலைமேல் மெல்லிய பாயைப் போர்த்திக்கொண்டு குனிந்திருப்பார்கள். நாம் பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்கும்வரை அப்படியே கிடக்க வேண்டும். குற்றம் செய்தவனே அடியில் இருக்க வேண்டும் என்பதில்லை. குடும்பத் தலைவர் இருந்தால் போதும்.

இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் விமான நேரங்களை யோசிக்கவில்லை. சனிக்கிழமை மலாக்கியின் லாரி லூபேமீது மோதியது. திங்கள் விடியும்போது எங்கள் வாசலில் பாய்க்கு அடியில் இருந்தவர் அவன் அப்பா வயேலுவா. மலாக்கி அந்த நேரம் ஆகாயத்தில் இருந்தான். வழக்கு இன்னும் பதிவாகாததால் யாரும் தடுக்கவில்லை. எங்களுக்கு இது மறுநாள்தான் தெரிந்தது.

"மத்தியானம் வரைக்கும் கெடக்கட்டும்," என்றார் என் பெரியப்பா. ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. பாய் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடியிலிருந்து இருமல். நான் இறங்கிப் போய்த் தூக்கினேன்.

லூபேயின் அண்ணன் சேஃபோ இன்னும் விடவில்லை. "கொடை இருந்துச்சே மச்சான். கதவு பக்கத்துலயே சாத்தி வச்சிருந்துச்சே. அத விரிச்சுப் பிடிச்சா கை கழண்டுடுமா? பாயைத்தான் தூக்கணுமா?"

பேச்சை மாற்றிவிடுவேன்.*

* குடை லூபேயுடையது. அதை இன்றுவரை யாரும் விரிக்கவில்லை. சேஃபோவிடம் சொல்ல வேண்டாம்.

4

(இங்கே காவல்துறையின் பட்டியலை அப்படியே தர நினைத்தேன். சாலையில் கிடந்தவை: செருப்பு, ஒன்று. தேங்காய்ப்பால் பன், பதினொன்று. அவள் எப்போதும் ஒரு டஜன் வாங்குவாள். ஒன்றை வழியில் தின்றுவிடுவாள்.

போதும்.)

5

வயேலுவா என்ற பாத்திரம்தான் என்னைப் படுத்துகிறது. முந்தைய பிரதியில் அவரைத் தந்திரக்காரக் கிழவராக எழுதியிருந்தேன். வேண்டுமென்றே இருமுகிறார் என்றுகூட. வசதியாக இருந்தது. நேற்று அவரே வந்து அதைக் கெடுத்துவிட்டார்.

உள்ளே வரவில்லை. படியில் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த வக்கீல் சொல்றது தப்பு. நீ தூக்குனது என் பாயை. மன்னிப்பு எனக்குக் கெடச்சுது. அவனுக்கு இல்ல."

"அவன் ஓடுறது தெரிஞ்சுதானே வந்து மண்டி போட்டீங்க?"

"டிக்கெட் எடுத்துக் குடுத்ததே நான்தான்யா. அதுக்குத்தான் போட்டேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். இதையெல்லாம் பாதிரியார் எழுதிக்கொடுத்திருந்தார். கீழே வயேலுவாவின் கையெழுத்து.

"இதக் குடுத்தா உங்க மகனை அனுப்பிடுவாங்க."

"தெரியும்."

"தப்பிக்க விட்டதுக்கு உங்களயும் பிடிப்பாங்க."

"பிடிக்கட்டும். இந்த இருமலோட எங்க ஓடப்போறேன்?" சிரிக்கப் பார்த்து இருமினார். "அவன் அம்மாவுக்குத் தெரியாது. நீ குடுத்தாலும் சரி, கிழிச்சாலும் சரி. என்னால அத மறுபடி வாங்கிட்டுப் போக முடியாது."

காகிதத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். கதையில் வந்தால் நானே நம்பமாட்டேன்.

6

முடிவுகள்.

அ) காகிதத்தைக் கொடுக்கிறேன். மலாக்கியை விலங்கோடு கொண்டுவருகிறார்கள். விமான நிலையத்தில் அவன் அம்மா என்னைப் பார்த்து

ஆ) கிழிக்கிறேன். படிவத்தில் "ஆம், தூக்கினேன்" என்று மட்டும் எழுதுகிறேன். மலாக்கி ஆக்லாந்திலேயே வேலை பார்க்கிறான். ஞாயிறுதோறும் கோயிலில் வயேலுவா எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து இருமுகிறார்.

இ) உண்மையை எழுதுகிறேன்.

மூன்றையும் எழுதி அடித்துவிட்டேன். ஆட்களை ஒப்படைக்க நாடுகளுக்கே இத்தனை காகிதம் தேவைப்படுகிறது. எனக்கு இருப்பது ஒரு வரி.

அதை உங்களிடம் விடுகிறேன். கிழவரின் காகிதம் என் பையில் இருக்கிறது. கேள்வி பதினேழு: பாயை ஏன் தூக்கினீர்கள்?

எழுதுங்கள். ஆனால் மழை என்று எழுதினால் குடையைப் பற்றிக் கேட்பார்கள்.