பினாயிலுக்கு வந்த வைரஸ் சீட்டு

மருத்துவமனை முழுக்க அவருக்குப் பினாயில் என்றுதான் பெயர். அறுவைசிகிச்சை அறைகளைக் கிருமி இல்லாமல் துடைத்துக் கொடுப்பது அவர் வேலை. துடைத்ததோடு விடமாட்டார். பஞ்சுக்குச்சியால் மேசை, கைப்பிடி எல்லாவற்றையும் தடவி ஆய்வகத்துக்கு அனுப்புவார். சுத்தம் என்று சீட்டு வந்தால்தான் கதவு திறக்கும். அதுவரை தலைமை மருத்துவரே வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐந்து நாளாகியும் அவர் அவளைத் தொடவில்லை. ஆசை இல்லாமலா? தொட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று, "என் தங்கம், என் ராசாத்தி" என்று உருகுவார். கையை நீட்டுவார், உடனே பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

"எத்தனை நோயாளி ரூமுக்குள்ள போயிட்டு வர்ற கை இது! சீட்டு வரட்டும்."

ஆமாம், தன்னையே சோதனைக்கு அனுப்பியிருந்தார். உள்ளங்கையில் ஒரு குச்சி, வாய்க்குள் ஒரு குச்சி. ஆய்வகத்தில் அதைப் பார்ப்பது அவருடைய கொழுந்தியாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

அன்று மத்தியானம் அவர் செல்போனுக்கு அறிக்கை வந்தது. ‘வைரஸ் மரபணுத் தடயம், பல்லாயிரம் இடங்களில்.’

"ஐயோ, போச்சு!" பேயறைந்தவர் போல வாசலுக்கே ஓடிவிட்டார்.

"என்னங்க ஆச்சு?" என்று மனைவி பதறினாள்.

"பக்கத்துல வராதே! எனக்குள்ள பல்லாயிரம் இருக்காம்! பிள்ளையைத் தூக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிடு!" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இந்த ஜென்மத்தில் மகளைத் தூக்கப்போவதில்லை என்றே முடிவு கட்டிவிட்டார், பாவம்.

அதற்குள் கொழுந்தியாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மாமா, தப்பு என்னோடது! மனுஷ மரபணுவைக் கழிச்சுட்டுத்தான் வைரஸைத் தேடணும். சித்தி ஆயிட்ட சந்தோஷத்துல கழிக்க மறந்துட்டேன்."

"அப்ப அத்தனையும் பொய்யா?"

"நிஜம்தான்! ஆனா நோய் இல்ல. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நம்ம மூதாதைகளுக்குத் தொத்தினது, மரபணுவிலேயே தங்கிடுச்சு. நூத்துல எட்டுப் பங்கு அதுதான். எனக்கு, அக்காவுக்கு, உங்க தலைமை மருத்துவருக்கு, எல்லாருக்கும்."

"அவருக்குமா!" பினாயிலின் முகம் லேசாக மலர்ந்தது.

"அதுல ஒண்ணு இல்லாட்டி நஞ்சுக்கொடியே ஒழுங்கா வளராது. உங்க பொண்ணு வயித்துல நல்லா இருந்ததுக்கு அந்தப் பழைய வைரஸும் ஒத்தாசை."

அவர் தொட்டிலை எட்டிப் பார்த்தார். "அப்ப இவளுக்குள்ளயும்?"

"பாதி நீங்க குடுத்த சீர்தான்!"

முதலில் மனைவிதான் சிரித்தாள். "ஐயோ, தையல் வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கை தரையில் உட்கார்ந்தே விட்டாள். பினாயிலுக்கோ தலைகால் புரியவில்லை.

"கை?" என்றார்.

"சோப்பு போட்டுக் கழுவிட்டுத் தூக்குங்க, போதும்."

கழுவினார், கழுவினார், ஏழு தரம் கழுவினார். மனைவி குழந்தையை அவர் கைகளில் வைத்தாள். வைத்த மறுகணம் மகாராணி அவர் சட்டை நனைய மூத்திரம் போனாள்.

"குடுங்க மாமா, நான் துடைச்சு விடறேன்" என்று கொழுந்தியாள் துண்டோடு வந்தாள்.

அவர் மகளை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நின்றார். "இருக்கட்டும்மா. அஞ்சு நாள் வீணாப் போச்சு. இப்ப யாருக்கும் தரமாட்டேன்."